மூன்று முறை பூஜ்ஜியம்

குடியாத்தத்திலிருந்து வந்த குபேந்திரன்
டயரை உதைத்துப் பார்க்கும் முன்பே கேட்டார்:
"இன்னா ஓடியிருக்கும்?"

மீட்டரில் ஐந்து இலக்கம்தான் சார்.
அறுபத்தோராயிரத்துச் சொச்சம் என்கிறது. நம்பாதீர்கள்.
மூன்று முறை எல்லா ஒன்பதும் தேய்ந்து
எல்லாப் பூஜ்ஜியமும் ஆகியிருக்கிறது.
முதல் தடவை சத்துவாச்சாரி சிக்னலில், கண்ணால் பார்த்தேன்.
இரண்டாவது தடவை
பின்னால் சரிந்த மூட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
மூன்றாவதுக்கு முன் எட்டு மாதம் கேபிள் அறுந்து
மீட்டர் தூங்கியது.
வண்டி தூங்கவில்லை.

விடிகாலை நாலரைக்கு
ஆஸ்பத்திரி எதிர்ச் சந்துகளில் ஒன்பது லாட்ஜ்.
விரிப்பு, உறை, துண்டு எல்லாம் அள்ளி
விருபாட்சிபுரத்தில் என் மிஷின் கொட்டகைக்கு.
மாலைக்குள் மடித்துத் திருப்பித் தரவேண்டும்.
தவறினால்
கல்கத்தாவிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்தவர்
இன்னொருவர் வியர்வையில் படுப்பார்.
அதனால் தவறியதில்லை.

எட்டு நாள் தவறியது.
நாலு நாள், பள்ளிகொண்டாவுக்கு இந்தப் பக்கம்
ஹெட் கேஸ்கெட் போனபோது.
கொசப்பேட்டை ஜிலானி திறந்து பார்த்து
"உள்ள எல்லாம் நல்லா தேஞ்சிருக்கு அக்கா" என்றான்.
அந்த "நல்லா"வை எப்படி எடுத்துக்கொள்வதென்று
இன்றுவரை விளங்கவில்லை.
மற்ற நாலு நாள்
அப்பெண்டிக்ஸுக்குப் படுத்தது நான்.
வண்டி வாசலில் தயாராகத்தான் நின்றது.

ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் குடிக்கும்.
மழையில் இடது கதவு திறக்காது,
வெயிலில் மூடாது.
காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும்,
கிளட்சை இரண்டு தரம் மிதியுங்கள்.

அப்புறம், சித்திரைக் கடைசியில் ஒன்று நடக்கும்.
பதினோரு மணி வெயில், பழைய பஸ் ஸ்டாண்ட் நெரிசல்,
பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும்.
இருமும். நிற்கும்.
சுற்றி நாற்பது ஹாரன் அடிக்கும், பதற வேண்டாம்.
சீட்டைத் தூக்குங்கள்,
எஞ்சின் நம் தொடைக்குக் கீழேதான்.
பம்பின் மேல் ஈரத்துணி போடுங்கள்.
நான் தலையணை உறை போடுவேன்.
சில உறைகளில் முடி ஒட்டியிருக்கும், கொத்துக் கொத்தாக.
உதறிவிட்டு, பாட்டில் தண்ணீரில் நனைத்து.
காய்ச்சல்காரர் நெற்றி என்றெல்லாம்
நான் நினைத்ததில்லை.
கைதான் அப்படிப் போட்டுப் பழகிவிட்டது.
பத்து நிமிடம். பிறகு ஒரே சாவி.

"இவ்ளோ சொல்றீங்களே," என்றார் குபேந்திரன்,
"அப்புறம் நான் எதுக்கு வாங்கணும்?"

வாசலில் கடனுக்கு வாங்கிய புது வண்டி நிற்கிறது,
சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.
அது எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது சார்.
இது எங்கே நிற்கும் என்று தெரியும்.
எனக்குப் பயம் அதை ஓட்டத்தான்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு சாவிக்குக் கை நீட்டினார்.
நீட்டிய கையைப் பார்த்துத்தான் கேட்கத் தோன்றியது:
என்ன ஏற்றப் போகிறீர்கள்?

"தீப்பெட்டி பண்டல்."

சாவியை இழுத்துக்கொண்டேன்.
முதலில் பெட்ரோல் ஹோஸ் மாற்றுங்கள்.
வாடை வரும்;
என் மூக்குக்குத்தான் அது தெரியாமல் போய்விட்டது.

சிரித்தார். சிரித்தபடியே
இரண்டாயிரம் குறைத்தார்.
ஹோஸ் நூற்றிருபது ரூபாய்தான்,
ஆனாலும் தலையாட்டினேன்.

தெருமுனை வரைக்கும் முதல் கியரிலேயே போனார்.
அங்கே ஒரு கரகரப்பு. நான் கேட்டில் நின்றேன்.
இன்னொரு கரகரப்பு.
பிறகு சத்தமில்லாத ஒரு நொடி,
கியர் விழுந்தது.

இரண்டு தரம் மிதித்திருக்கிறார்.