பத்திலிருந்து ஆறு வரை

வைத்திக்குப்பத்தில் கரண்ட் போய் இருபது நிமிடம்.
கலங்கரை விளக்கின் ஒளி மட்டும்
ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டுப் போகிறது.
என் தோளில் நனைந்த கன்னத்தோடு மகள்.
தலைக்குள் நாளை முதல் பீரியட்.

மேலே சைனின் வர்க்கமூலம்.
கீழே அதுவும், கூடவே கொசைனின் வர்க்கமூலமும்.
சுழியிலிருந்து பையில் பாதி வரை.
நேராகப் போனால் முள்ளுக்காடு, பிள்ளைகளா.
தெரியாததற்கு ஐ என்று பெயர் வையுங்கள்.
பிறகு எல்லையின் மறுமுனையில் போய் நின்று
அதையே திரும்பிப் பாருங்கள்.
சைன் கொசைனாகும், கொசைன் சைனாகும்,
ஐ மட்டும் ஐயாகவே இருக்கும்.
இரண்டையும் கூட்டினால்
ஒவ்வொரு புள்ளியிலும் வெறும் ஒன்று.
எல்லைகளின் இடைவெளியில் பாதி, அவ்வளவுதான் விடை.

"ஆளுக்குப் பாதிதானே பார்க்கிறோம்"
என்றான் தேசிங்கு நேற்று, பல் துலக்கிக்கொண்டே.
சரி, பார்ப்போம்.
இரவு பத்துக்கு முழுப் பாரமும் அவன் தோளில்.
(சுருதி சேராமல் பாடுவான், அவளும் அதற்குத்தான் தூங்குவாள்.)
காலை ஆறுக்கு முழுதும் நான்.
பதினொன்றில் அவன் எவ்வளவோ
ஐந்தில் நான் அவ்வளவு என்றால்
அவன் சொன்னது சரி. எட்டில் நான்கு.
எந்த நிமிடம் யார் எழுந்தோம் என்று
குறித்துவைக்கவே வேண்டாம்.

ஆனால் அந்த "என்றால்".
விடைத்தாளில் பிள்ளைகள் விழுங்கிவிடும் வரி அது.
மூன்றிலிருந்து நாலரை வரை,
படகு மோட்டார்கள் கடலுக்குள் இறங்கும் சத்தத்திலும்
அசையாத அவன் குறட்டைக்கு ஈடாக
பதினொன்றரையிலிருந்து ஒன்று வரை
நான் குறட்டை விட்டிருக்க வேண்டும்.
விடவில்லை.

மீதிச் சண்டையைக் காலையில் போடலாம்.
இப்போது மணி இரண்டு ஆகப்போகிறது.
எட்டு மணி நேரத்தின் நடு.
திருப்பிப் போட்டாலும் இரண்டு இரண்டுதான்.

நேற்று இதே இரண்டுக்கு அவள் வீறிட்டதும்
இருவரும் ஒன்றாகவே எழுந்தோம்.
இருட்டில் தூளிக் கயிற்றைத் தேடி
மண்டையும் மண்டையும் மோதி
"அய்யோ" என்றோம் ஒரே குரலில்.
அவள் அழுகையை நிறுத்திவிட்டு
யார் அது என்பதுபோல் பார்த்தாள்.

கீழ் எல்லை இரண்டு, மேல் எல்லை இரண்டு.
அகலமே இல்லாத இடத்தில் தொகை சுழி.
நூறு வகுப்பில் சொல்லியிருக்கிறேன்,
நாளையும் சொல்வேன், கரும்பலகையில் கோடு கிழித்து.
நெற்றியில் அந்தப் புடைப்பு
இன்னும் வலிக்கிறது.