கொடுத்த நேரம்

தொண்டித் தபாலாபீஸ் கதவை நான் திறக்குமுன்பே
படியில் உட்கார்ந்திருந்தாள்
காரங்காட்டு அருளாயி.
முந்தானை முடிச்சில் சில்லறை,
நண்டு வாடை போகாத சில்லறை.

"கோர்ட்டு அய்யாவுக்குத் தந்தி அடிக்கணும்.
தொம்மையைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க."

கோர்ட்டுக்கு அடிக்கச் சொன்னது யார்?
பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்.
பெயர் கேட்கவில்லையாம்.

இந்தக் கம்பியில் நான் அனுப்பியதெல்லாம்
பிறந்தது, செத்தது, புறப்பட்டு வா.
கல்யாண வாழ்த்துக்கு ஒரு எண் உண்டு, பொங்கலுக்கு ஒன்று.
பிடித்துக்கொண்டு போனதற்கு
இலாகாவின் பட்டியலில் எண் கிடையாது.

அவள் காசு பன்னிரண்டு சொல்லுக்குக் காணும்.
சொன்னதோ நூறுக்கு மேல்:
கதவை உதைத்தது,
பானையைக் கவிழ்த்து அரிசிக்குள் தேடியது,
எதுக்கு என்று கேட்டதற்கு
ஸ்டேஷனில் வந்து கேட்டுக்கோ என்றது,
ஸ்டேஷனில் கேட்டதற்கு
அப்படி ஒருத்தன் இங்கே வரவே இல்லை என்றது,
அங்கே வாசலில்
அவன் செருப்பு கிடந்தது.

பானையை அடித்தேன்.
கதவை அடித்தேன்.
செருப்பைத் தொட்டபோது பேனாவையே பார்த்தாள்.
அதையும் அடித்தேன்.

மணி எத்தனை இருக்கும்?
"வத்தம் இறங்கிச் சேறு தெரிஞ்சுது.
கோயில் மணி அடிக்கலை."
கோயில் மணி ஐந்துக்கு.
மூன்றரை என்று போட்டிருந்தால் எடுப்பாக இருந்திருக்கும்.
அவளுக்கே தெரியாததை நான் எப்படி எழுத?
ஐந்துக்கு முன்.
இங்கிலீஷில் இரண்டே சொல்.

சட்டம் எனக்குப் பெரிதாகத் தெரியாது.
பரீட்சைக்கு உருப்போட்டதில் ஒட்டிக்கொண்டது கொஞ்சம்:
பிடித்த ஆளை
இருபத்து நாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தணும்.
வழிப்பயணம் கழித்துக்கொள்ளலாம்.
இங்கிருந்து திருவாடானைக்கு முக்கால் மணி,
பஸ் மக்கர் பண்ணாவிட்டால்.
அதற்கு மேல் ஒரு நிமிஷம்கூட
அவர்களுடையது அல்ல.

ஆனால் எப்போதிலிருந்து?
சாயங்காலம் ஆறு என்று ஸ்டேஷனில் எழுதிவிட்டால்
விடியலிலிருந்து ஆறுவரை
தொம்மை எங்குமே இல்லை.
அந்த நேரத்தில் விழுந்த அடி
யார் மேலும் விழவில்லை.

பாரத்தின் மேல் மூலையில் ஒரு கட்டம்.
கொடுத்த நேரம்.
அதை நான்தான் நிரப்பணும்,
அதற்குக் காசு கிடையாது.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு கைக்கடிகாரத்தையும்.
8.04.
முத்திரையை
வழக்கத்தைவிட அழுத்திக் குத்தினேன்.
கட்டையில் விரல் வைத்தேன்.

பத்தேகாலுக்கு எஸ்.ஐ. வந்தார்.
தெரிந்தவர்தான், மாதாமாதம் மகளுக்கு மணியார்டர்.
"காலையில ஒரு பொம்பளை எதுவும் அடிச்சாளா?"
கம்பியில போறதை வெளியே சொல்லக்கூடாது சார்.
"அந்தப் பேப்பரைக் காட்டுய்யா, பார்த்துட்டுத் தர்றேன்."
எழுத்தில உத்தரவு கொண்டாங்க சார்.
சிரித்தார்.
"நீயும் கவர்மெண்டு, நானும் கவர்மெண்டு."
ஆமா சார் என்றேன்.
இடது கை நடுங்கியது.
அதை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.
அந்தக் கட்டத்தை அச்சடித்ததும்
அதே கவர்மெண்டுதான் என்பது
அவர் போய் வெகுநேரம் கழித்துத்தான் தோன்றியது.

மாலை ஐந்து மணி பஸ்ஸில்
தொம்மையைத் திருவாடானைக்குக் கொண்டுபோனார்களாம்.
வலது காலை ஊன்றாமல் ஏறினானாம், டீக்கடையில் பேச்சு.
நீதிபதி கையில் என் காகிதம் இருந்ததா,
எத்தனை மணி என்று கேட்டாரா,
ஒன்றும் தெரியாது.
தந்தி போகும்.
போனபின் என்ன ஆனதென்று
எங்களுக்கு யாரும் தந்தி அடிப்பதில்லை.

ஞாயிறு கழித்து அருளாயி வந்தாள்,
அதே முடிச்சு, அதே வாடை.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு கேட்டாள்:
"அன்னைக்கு ஒண்ணை அடிச்சீங்களே,
செருப்பு.
அதை மட்டும் இப்ப அனுப்ப
எம்புட்டு ஆகும்?"