இரண்டு அங்குலம்

பட்டியலில் பெயர்கள் இல்லை.
ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை எண்கள்,
எண்ணுக்கு எதிரே மார்பு, தோள், கை, உயரம்.
தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால்
இரும்பு ஏணியில் ஏறிப்போகும் மாடியில்
ஏழு மிஷின், ஒரு ஓவர்லாக்,
கணக்கு எழுத நான்.

மலாவியாம், என்றார் கட்டிங் மாஸ்டர் பேச்சிமுத்து.
மாலேகாவ் பக்கமா, என்றாள் காஜா போடும் நஸ்ரீன்.
மறுநாள் மகளின் அட்லசைக் கொண்டுபோனேன்.
மாஸ்டர் கழுத்திலிருந்து டேப்பை உருவி அளந்தார்.
இரண்டே முக்கால்.
தையலுக்கு அரை சேர்த்து மூணேகால் என்றார்.
கடலைப் பற்றி யாரும் பேசவில்லை.

கீர்த்திபாய் மூச்சு வாங்க ஏறிவந்து
விசிறிக்கு நேராக உட்கார்ந்து சொன்னார்:
அப்பா அம்மா இல்லாத பிள்ளைகள்,
தர்மக் காரியம்,
சட்டைக்கு முப்பத்தெட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.
வழக்கமாக நாற்பத்தாறு.
எட்டை இருநூற்றுப் பன்னிரண்டால் பெருக்கி
நோட்டின் ஓரத்தில் எழுதினேன்:
ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றாறு.
யார் பெயரில் வரவு வைப்பது என்று தெரியவில்லை.
அடித்துவிடவும் இல்லை.

மார்புப் பாக்கெட்டில் அறக்கட்டளையின் பெயர்,
மஞ்சள் நூலில், கம்ப்யூட்டர் எம்பிராய்டரி.
அதற்கு மட்டும் பீஸுக்குப் பதினொன்று,
பேரமே இல்லாமல்.
கீழ்மடிப்புக்குக் கால் இஞ்ச் போதும், துணி மிச்சமாகும்
என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எண்பத்தேழுக்கு வந்ததும்
மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.
எல்லாமே முழுக்கைச் சட்டை.
இடது கை பதினேழு. வலது கை ஆறரை.
எழுத்துப் பிழை, கேளுங்க, என்றான் ரகீப்.
கேட்டேன்.
இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: பிழையில்லை.

ஆறரையில் முடியும் கைக்குப்
பட்டி வைப்பதா, மூடித் தைப்பதா?
இருபத்தாறு வருஷ அனுபவத்தில் அதற்கு ஓர் அளவு இல்லை.
மாஸ்டர் தன் வலது முழங்கையை மடக்கி
மத்தியானம் வரை தடவிக்கொண்டிருந்தார்.
பிறகு ஓரத்தை இரண்டாக மடித்து,
உள்பக்கம் ஒரு முடிச்சும் உறுத்தாமல் முடித்தார்.
நஸ்ரீன் அந்தச் சட்டைக்கு மட்டும்
காஜாவை ஒரு நூல் அகலமாக வெட்டினாள்.
வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
ஐந்து பட்டனையும் ஒற்றைக் கையால் மாட்டிப் பார்த்தாள்.
மூன்றாவதில் சிக்கியது. மறுபடி வெட்டினாள்.
அரை நாள் போயிற்று.
கூலி முப்பத்தெட்டு.

இதற்குக் கருணை என்று யாரும் பெயர் வைக்கவில்லை.
ரகீப் திட்டிக்கொண்டேதான் தைத்தான்,
ஈத் ஆர்டர்கள் மூலையில் குவிந்து கிடந்தன.

பட்டியலின் கடைசித் தாளில், அடியில்,
அங்கே யாரோ பேனாவால் கிறுக்கியிருந்தார்கள்:
வந்து சேர்வதற்குள் வளர்ந்துவிடுவார்கள்.
மாஸ்டர் என்னை அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.
அதன் பிறகு ஒவ்வொரு சட்டைக்கும்
உள்ளே மடிந்து கிடந்தது இரண்டு அங்குலம்.
வெட்டிய சட்டைகளுக்குக்கூடப் பிரித்து ஒட்டுப் போட்டார்.
துணி எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை.
டீக் காசுக்கு விற்கும் வெட்டுத்துண்டு மூட்டை
அந்த மாதம் இளைத்திருந்தது.

ஜூனில், தகரம் ஒழுகிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம்
கீர்த்திபாய் போனில் படம் காட்டினார்.
ஒரே நீலம், வரிசை வரிசையாக.
மாஸ்டர் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினார்,
முகங்களை அல்ல, தோள் தையலை.
எண்பத்தேழைத் தேடினோம்.
முன்வரிசையை நன்றி எழுதிய பேனர் மறைத்திருந்தது,
பின்வரிசையில் தலைகள் மட்டும்.
ஓரத்தில் நின்ற ஒரு பையனுக்கு
காலர் ஒருபக்கம் மடங்கிக் கிடந்தது.
மாஸ்டரின் கட்டைவிரல்
தன்னையறியாமல் அதை நிமிர்த்தப் போனது.
தொட்டதும் படம் நழுவி
அடுத்தது வந்தது:
மேடை, மாலை,
கீர்த்திபாய்.