நாலு விரற்கடை

நாலு விரற்கடைதான் வித்தியாசம்.
கையை விரிக்காமலே காட்டிவிடுவேன்,
சுண்டு விரலிலிருந்து ஆள்காட்டி வரை.
பிரெஸ்டுக்கு மேற்கே
அவ்வளவு ஒடுங்கிப் போகிறது தண்டவாளம்.
அதனால் எனக்கு ஒரு வேலை இருந்தது.

மாஸ்கோவிலிருந்து நீஸுக்குப் போகும் ரயில்
இரவில் எங்கள் கொட்டகைக்குள் நுழையும்.
பெட்டிகளைப் பிரித்து
நான்கு மூலையிலும் ஜாக்கி கொடுத்துப்
பொத்தானை அழுத்துவேன்.
ஆட்கள் உள்ளேதான் இருப்பார்கள்.
தூக்கத்தோடு சேர்த்துத் தூக்குவேன்.
அகலச் சக்கரங்களை லியாவோன் உருட்டி வெளியே தள்ள
ஒடுங்கிய சக்கரங்கள் உள்ளே வரும்.

கழிவறை பூட்டியிருப்பதால் நெளியும் கனவான்கள்.
ஒருமுறை ஒரு சிறுமி
ஜன்னல் மேசையில் ஆரஞ்சை வைத்து
உருளுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் உருளவிடவில்லை.
என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

இருபத்தொரு வருடம்.
நீஸை நான் பார்த்ததில்லை.
திரும்பி வரும் நடத்துனர் ரிம்மா
எலுமிச்சை ஒன்று எறிவாள் மேலிருந்து,
இலையோடு.

மேற்கே போகிற பெட்டி
தன் அகலச் சக்கரங்களை எங்களிடம் விட்டுப்போகும்,
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு
வீட்டுக்குள் போவதுபோல.
சுண்ணக்கட்டியால் எண் எழுதி ஓரமாக வைப்போம்.
வந்ததும் மாட்டிக்கொள்ளும்.

பிறகு எல்லையை மூடினார்கள்.
பிறகு ரயிலையே நிறுத்தினார்கள்.
காகிதத்தில் இரண்டு வரி,
கீழே யாரோ ஒருவரின் கோணல் கையெழுத்து.
பெட்டிகள் எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டன,
பதினேழைத் தவிர.
அச்சு சூடாகிவிட்டதென்று
அங்கேயே ஏதோ முற்றத்தில் ஒதுக்கினார்களாம்.
ரிம்மா தொலைபேசியில் சொன்னாள்,
ஸ்மோலென்ஸ்கில் ஒரு மருந்துக்கடையில் நின்றபடி,
நடுவில் யாருக்கோ சில்லறை கொடுத்தபடி.

இப்போது சரக்குப் பெட்டகங்களைத் தூக்குகிறேன்.
சோப்பு, டயர், தொலைக்காட்சி.
கொஞ்சம் சாய்ந்தாலும்
யாரும் புரண்டு படுப்பதில்லை.

பதினேழின் சக்கரங்கள் கொட்டகைக்குப் பின்னால்
பனியில் நிற்கின்றன.
மழை எண்ணை அழித்தால் மறுபடி எழுதுகிறேன்.
கிரீஸும் கொஞ்சம் வைக்கிறேன், கணக்கில் வராமல்.
"கல்யாணத்துக்கா அனுப்பப்போகிறாய், யாத்விகா?"
என்று லியாவோன் கேட்கிறான். கேட்கட்டும்.

போன வாரம் பழைய இரும்பு எடுப்பவர் வந்தார்.
பூட்ஸ் முனையால் ஒரு சக்கரத்தைத் தட்டி
இது யாருடையது என்றார்,
ரொம்ப நாளாய்க் கிடக்கிறதே என்றார்.

ஆள் உள்ளே போயிருக்கிறார் என்றேன்.

அவர் குனிந்து
தன் காலைப் பார்த்துக்கொண்டார்.