அரைப்பக்கம்

விழாமலர்க் குழு என்னிடம் கேட்டது அரைப்பக்கம்.
'குடும்பப் பின்னணியும் கல்வியும்.'
தலைப்பை அவர்களே போட்டிருந்தார்கள்.
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

எழுதினேன்:
கணனித்துறை முன்னோடி, கலாநிதி யோகமலர் சாமித்தம்பி
1948இல் களுவாஞ்சிகுடியில் பிறந்தார்.
தந்தை அரச நெற்களஞ்சியத்தில் எழுதுவினைஞர்.
தாய் தெய்வானைப்பிள்ளை, இல்லத்தரசி.

அந்தச் சொல்லில் பேனை நின்றது.
எங்கள் வீட்டை அரசாண்டது ஒரு தையல் மெசின்.
மிதி உடைந்தபோது
சைக்கிள் பெடலைக் கம்பியால் கட்டி
ஓடவிட்டவள் அக்கா.

படிவத்தில் தகப்பன் பெயருக்கு முழு வரி,
தாய்க்கு அரை.
கோயிலில் நின்று 'நீ என்ன குடி' என்று கேட்டுப் பாருங்கள்,
எழுவான்கரையிலும் படுவான்கரையிலும்
தாயின் குடியைத்தான் சொல்லுவான் எவனும்.
குழுவிலும் எங்கட ஆட்கள்தான்.
படிவம் எங்கிருந்து வந்ததோ.

அப்பாவைப் பற்றி ஒரு பந்தி எழுதி
வெட்டிவிட்டேன்.
முப்பத்தாறு மூடை குறையுது என்று
வேலையால் நிறுத்தினார்கள்.
ஏழு மாதம்.
கடைக்குப் போனாலும் வேலியோரமாய்ப் போனார்.
அக்காவுக்குப் பதினாலு வயது.
பேரேட்டின் பிரதியை மெசின் பலகையில் விரித்து வைத்து,
'ஒன்பதால பிரியுது அப்பா,
எங்கயோ ரெண்டு இலக்கம் இடம் மாறி நிக்குது' என்றாள்.
மில்லுக்கு ஏற்றியது எண்பத்துநாலு,
எழுதியிருந்தது நாற்பத்தெட்டு.

வேலை திரும்பி வந்தது.
மாற்றி எழுதிய கை அப்பாவுடையது.
அதனால்தான் வெட்டினேன்.

கல்வி:
பெண்பிள்ளைகளுக்குப் பிரயோக கணிதம்
அப்போது எங்கள் பக்கம் இல்லை.
விடியமுதல் பஸ், கல்லடிப் பாலம், டவுன்,
விசேட அனுமதியில் ஆண்கள் கல்லூரியின் கடைசி வாங்கு.
மழைக்கு வாவி றோட்டில் ஏறினால்
செருப்பைப் புத்தகப் பையில் போட்டு நடப்பாள்.
பேராதனை, முதலாம் வகுப்பு.
இவ்வளவையும் ஒரே வரியில் எழுதிவிட முடிந்தது.

சூறாவளி ஆண்டு லீவில் வந்திருந்தாள்,
ஒரு பெட்டி துளையட்டைகளோடு.
ஆயிரத்துக்கு மேல். ஆய்வு முழுக்க அதற்குள்.
கூரை போன இரவில் அட்டைகளும் போயின:
கிணற்றடியில், மாட்டின் முதுகில்,
அடுத்த வளவு முருங்கையில்.
பொறுக்கிக் காயவைத்து
மூன்று நாள் அடுக்கினாள்.
நானூறு பிழைத்தன.

அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.
பள்ளிச்சட்டைத் துண்டுகளை வெட்டி அடுக்கினால்
பக்கவாட்டில் சரிவாய் ஒரு கோடு கீறி வைப்பது
அவளுடைய வழக்கம்.
நீலப் பென்சிலை எடுத்து
அட்டைக் கட்டின் விளிம்பில் கீறினாள்,
ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு.
'இனிக் கலைஞ்சா
கோட்டைப் பொருத்து, புள்ள.'

கொழும்பில் இதைத் தெரிந்தவர்கள் முன்பே இருந்தார்களாம்.
அம்மாவுக்கு அவர்களைத் தெரியாது.
ஒன்றுக்கு மேல் எண்ணெழுத்தும் தெரியாது.
இல்லை, இது சரியில்லை.
நூறு வரைக்கும் தெரியும், எழுதத்தான் தெரியாது.

இல்லத்தரசியை வெட்டித் 'தையல்' என்று போட்டு
வியாழனே அனுப்பினேன்.

மலர் வந்தது. வழுவழுத் தாள்.
டெலிபோனில் அக்காவுக்கு வாசித்தேன்:
'1984இல் களுவாஞ்சிகுடியில் பிறந்தார்...'

சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.
'முப்பத்தாறு' என்றாள்.
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
'அம்மாவுக்கு என்ன போட்டிருக்கு?'

அதை மட்டும்
குழு கவனமாய்த் திருத்தியிருந்தது.