நகக்கண் அளவு நீலம்

தேங்காய்த்திட்டு ஷெட்டுக்கு அதை
மீன்வண்டியின் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள்.
இரண்டே கதவு, துணிக்கூரை, இடப்பக்க ஸ்டீயரிங்.
காராவெல் என்ற பெயரில் பின்பாதி உதிர்ந்து
'காரா' மட்டும் மிச்சம்.
"பூந்தி எங்கேக்கா?" என்றான் தணிகைவேல்.

நிறம் என்ன என்று எவராலும் சொல்ல முடியவில்லை.
ஆர்.சி. புத்தகத்தில் அந்த இடத்தைத்தான்
கரையான் பார்த்துத் தின்றிருந்தது.
கண்ணுக்குத் தெரிந்தது ஜெலுசில் மாத்திரை நிறம்.
விரலால் தொட்டால் மாவு.

"சிவப்பு" என்றார் பெர்னதெத் அம்மாள்.
"புதுநன்மைக்கு இதில்தான் போனேன்.
வெள்ளை கவுன் முழுக்க ஒட்டிக்கொண்டு
கோயிலில் சிஸ்டர் காதைத் திருகினார்."
துலூஸிலிருந்து அண்ணன் தியோஃபில்
போன் திரையில் பாதி நெற்றியாகத் தெரிந்தார்:
"நீலம். வெளிர்நீலம்.
கப்பலிலிருந்து இறக்கும்போது நான் நின்றேன்.
நீ பிறக்கவே இல்லை."
"பாத்தியாம்மா, வீட்டுப் பத்திரத்திலும்
இப்படித்தான் பேசுகிறான்" என்றார் என்னிடம்.
விற்ற பணத்தில் ஆளுக்குப் பாதி.
அதில் மட்டும் இருவருக்கும் ஒரே நிறம்.

கழுவினேன். களிமண் கட்டியால் தடவினேன்.
துறைமுகத்து உப்பு, வேப்பம்பிசின், காக்கை எச்சம்,
எந்தத் தீபாவளியிலோ தெறித்த கரிப்புள்ளி,
எல்லாம் கட்டியில் ஏறி வந்தன.
பிறகு காம்பவுண்ட், பழைய பருத்தித் துணி.
முதல் துணி வெற்றிலை துப்பியது.
இரண்டாவதும்.
செத்த தோல் ஒரு மயிரிழைதான்;
அதற்கடியில் நேற்றுப் பூசியது போல் சிவப்பு!
தணிகைவேல் விசிலடித்தான்.
நான் அடிக்கவில்லை.
தேய்க்கத் தேய்க்க நிறம் வருவது போலத்தான் இருக்கும்,
போய்க்கொண்டிருப்பதும் அதுவேதான்.
துணியில் இருப்பது காரில் இல்லை.

இடது கதவில் மீட்டரை வைத்தேன்.
இருநூற்று நாற்பது மைக்ரான்.
கம்பெனிப் பூச்சு ஒருநாளும் இவ்வளவு தடிக்காது.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.
யோசிக்கத் தொடங்கினேன், மின்சாரம் போனது.
டீ குடிக்கத் திரும்பினேன், மெஷினை அணைக்காமல்,
கதவு மடிப்பின் மேலேயே சாய்த்துவிட்டு.

மின்சாரம் வந்தது.

அது உறுமி எழுந்த சத்தம் கேட்டு
நான் ஓடிய தூரம் ஆறு அடி.
ஆறு அடிக்குள் ஒரு நகக்கண் அளவு
சிவப்பு தீர்ந்துபோயிருந்தது.
அடியில் சாம்பல் இல்லை, இரும்பு இல்லை.
வெளிர்நீலம்.
மழை விட்ட பின் துறைமுக வாயில் தண்ணீர் இருக்குமே,
அந்த நீலம்.

பதினேழு வருடத் தொழிலில் மூன்றாவது ஓட்டை இது.
முதல் இரண்டையும் மறைத்திருக்கிறேன்:
மெல்லிய தூரிகை, பொறுமை, கொஞ்சம் பொய்.
சிவப்பு டப்பாவைத் திறந்துகூட விட்டேன்.
மூடினேன்.
போன் செய்தேன்.

அம்மாள் கருவூலத்திலிருந்து
அரைநாள் விடுப்பில் வந்தார், குடையோடு.
குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.
"அப்போ அப்பா எப்ப மாத்தினார்?"
எனக்கு எப்படித் தெரியும்.
அண்ணனைக் கூப்பிட்டார்.
ஒன்றும் சொல்லாமல் கேமராவைக் கதவுக்குக் காட்டினார்.
துலூஸில் விடிந்திருக்கவில்லை.
"இன்னும் கிட்டே," என்றது திரை. "இன்னும்."
நெற்றி முழு முகமாயிற்று.
"சிவப்பும் நல்லாத்தான் இருக்கு, பெர்னா."
அவர் பதில் சொல்லவில்லை.
குடையை மடக்கி விரித்து மடக்கினார்.

மறுநாள் வெயில் ஏறும் முன்னே மெழுகு.
மெல்லிசாக, சப்பாத்திக்கு நெய் தடவுவது போல.
மூட்டம் கட்டும்வரை காத்திருந்து துடைக்க வேண்டும்;
அவசரப்பட்டால் வழுக்கும், மறந்தால் கல்லாகும்.
நீலத்தின் மேலும் அதே மெழுகுதான்.
தொடக்கூடாது என்று உத்தரவு.

வாங்க வந்தவர் கதவைக் காட்டி
எட்டாயிரம் குறைக்கச் சொன்னாராம்.
"அப்படியானால் தரவில்லை" என்றாராம் அம்மாள்.
அது அவர்கள் கணக்கு.
என் பில்லில் நானே ஐந்நூறு கழித்து
எதற்கு என்ற கட்டத்தில் எழுதினேன்:
தேநீர்.