விருப்பப்பாடம்: புதன், மூன்றாம் பீரியட்

பாடத்திட்டத்தைத் தட்டச்சு செய்த தபீத்தாள்
'நவீன அஞ்ஞானம்' என்று தலைப்பிட்டிருந்தாள்.
தவறு அவளுடையதல்ல.
இந்த இறையியல் கல்லூரியில்
அந்த ஆங்கிலச் சொல்லுக்கு
நூறு வருஷமாய் அதுதான் பொருள்.
சிவப்பு மையால் அடித்துவிட்டு
வேறொன்று தேடினேன்.
புறமதம்: எதற்குப் புறம்?
இயற்கை வழிபாடு: பாதி உண்மை.
கடைசியில் பேகன் என்றே எழுதிக் கொடுத்தேன்.
படித்துப் பார்த்துக் கேட்டாள்,
"மயிலுக்குப் போர்வை தந்தவரா மேடம்?"

ஒன்பது பேர் சேர்ந்தார்கள்.
ஆறு பேருக்கு ஆர்வம், இருவருக்கு மதிப்பெண்,
ஓபேத்துக்கு ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

முதல்வர் பர்சிலா ஐயர் அறைக்கு அழைத்து
மின்விசிறிக்கு நேரே உட்காரச் சொன்னார்.
"பிள்ளைகள் வழுவி
அந்தப் பக்கம் போய்விட மாட்டார்களே?"
எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.
சன்னலுக்கு வெளியே பாலாறு
இரு கரைக்கும் நடுவில் வெறும் மணலாய்க் கிடந்தது.
செருப்பு நனையாமல் கடக்கலாம்.

ஜூனில் பாடம் வெயிலில் சிக்கியது.
பலகையில் ஆண்டுச் சக்கரம் வரைந்து
எட்டுத் திருநாட்களைக் குறித்து,
நீண்ட பகலன்று விடியுமுன் குன்றேறி
சூரியனை வரவேற்பார்கள் என்றேன்.
"வரவேற்பார்களா?" என்றாள் திர்சாள்,
துப்பட்டாவால் கழுத்தை ஒற்றியபடி.
வகுப்பே சிரித்தது.
அக்கினி நட்சத்திரம் முடிந்தும்
நூற்றாறு டிகிரி அடிக்கிற இராணிப்பேட்டையில்
நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும்
ஒன்றரை மணி நேரமே வித்தியாசம்.
நாலு மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில்
ஒரு வாரம் இருந்து பார், அப்புறம் சிரி
என்றேன். நானும் இருந்ததில்லை.

ஆகஸ்டில் அவர்களில் ஒருத்தியையே
திரையில் அழைத்தோம்.
வேல்ஸ் தேசத்தில் பள்ளி நூலகர், கெரிஸ்.
மந்திரம் பலிக்குமா, பிசாசை வணங்குவீர்களா,
எழுதி வைத்ததையெல்லாம் கேட்டார்கள்.
பிசாசு உங்களுடையது, எங்களிடம் கிடையாது
என்றாள், கோபமில்லாமல்.
பிறகு அவளும் ஒன்று கேட்டாள்:
எங்கள் தெய்வங்களின் பெயர்களை
பழைய ஏடுகளில் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம்.
உங்களுடையவற்றை நீங்கள் என்ன செய்தீர்கள்?

காற்று திரும்பித் தோல் ஷாப் வாடை
உள்ளே வந்து உட்கார்ந்தது.
ஓபேத் எழுந்து நின்றான்.
திரைக்கு முன்னும் எழுந்து நின்றே பேசுகிறவன்.

"குடியாத்தம் பக்கம் எங்க ஊரு.
ஞானஸ்நானம் எடுத்த அன்னிக்கு
எல்லைக்கல்லைக் கிணத்துல போடச் சொன்னாங்களாம்.
நல்ல கல்லு. தாத்தா போடலை.
கவுத்துப்போட்டு, துவைக்கிற கல்லாக்கிட்டாரு.
எங்கப்பா உபதேசியார்.
ஆல்டர் துணியெல்லாம் அதுலதான் துவைக்கிறோம்.
ஆனா அம்மா அதுமேல கால் வெக்க விடமாட்டாங்க.
ஏன்னு கேட்டா, வழுக்கும்பாங்க."

ஆங்கிலத்தில் சொன்னேன்.
வழுக்கும் என்ற சொல்லுக்கு மட்டும்
இரண்டு முறை முயன்றேன்.
கெரிஸ் கண்ணாடியைக் கழற்றினாள்,
மறுபடி போடவில்லை.
கடைசி பெஞ்சில் எப்போது வந்தாரோ பர்சிலா ஐயர்,
ஜெபத்தோடு முடிப்போம் என்று எழுந்தவர்
நெடுநேரம் தொடங்கவில்லை.

தேர்வில் ஐந்தாம் கேள்வி:
பேகன்களின் நம்பிக்கையை
அவர்களே ஒப்புக்கொள்ளும் சொற்களில் விளக்குக.
திர்சாள் நான்கு பக்கம் எழுதி, ஓரத்தில்
'குளிர்கிறதா என்று மயிலைக் கேட்டிருக்கலாம்' என்றும்
கிறுக்கியிருந்தாள். எட்டு மதிப்பெண்.
ஓபேத் அந்தக் கேள்வியைத் தொடவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து
பெட்டியோடு வந்தவனைக் கேட்டேன்.
கல்லைப் புரட்டிப் பார்த்தாயா?
"ரெண்டு பேர் தூக்குற கல்லு மேடம்."

குடியாத்தத்துக்குப் பேருந்து எத்தனை மணிக்கு
என்று நான் கேட்டது
பாடத்திட்டத்தில் சேராது.